சுகாதாரப் பாடம்: இரத்தம் நின்றால் வருத்தம் நின்றதா?



இந்த இதழில் நாம் பேசப்போவது வீட்டுக்குள்ளே கூட வாய் திறந்து பேச வெட்கப்படுகிற ஒரு விஷயம். மலம் போகும் பாதையில் வருகிற புற்றுநோய். வெட்கத்தால் மறைத்து, பிந்திப் போய், உயிரை விட்டவர்கள் நம் லயங்களில் உண்டு. ஆகவே வெட்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு வாசியுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் அம்மா, அப்பா, பாட்டிமாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

1. ஒரு அக்காவின் கதை

கலஹா பக்கத்தில் ஒரு தோட்டம். ஐம்பது வயது தாண்டிய அக்கா ஒருவர். கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி. எட்டு மாதமாக மலத்தோடு இரத்தம் போயிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. கடையில் மூலத்துக்குக் களிம்பு வாங்கிப் பூசினார். யாரோ சொன்ன கஷாயமும் குடித்தார். மலையில் அடிக்கடி உட்கார்ந்துவிடுகிறார் என்று கங்காணி வந்து சொன்ன பிறகுதான் நாம் போய்ப் பார்த்தோம்.

"ஒன்னும் இல்லீங்க ஐயா, மூலந்தான். எங்க அம்மாவுக்கும் இருந்துச்சு" என்றார். நாமும் சரி என்று திரும்பிவிட்டோம். அது நாம் செய்த முதல் பிழை.

பிறகு தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, அங்கிருந்து கடிதம் வாங்கி, கண்டிக்குப் போனார். டாக்டர் விரல் விட்டுச் சோதித்த உடனேயே கட்டி தட்டுப்பட்டது. மூலம் இல்லை. மலக்குடலில் புற்றுநோய். முதலில் ஐந்து வாரம் கதிரும் மாத்திரையும், பிறகு சில வாரம் பொறுத்திருந்து ஒப்பரேஷன் என்று முடிவாயிற்று.

அக்கா கதிர் எடுத்தார். மாத்திரை குடித்தார். வயிற்றோட்டத்தால் கஷ்டப்பட்டாலும் ஒரு நாள் தவறாமல் போனார். எல்லாம் முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் இரத்தம் நின்றது. சோறு இறங்கியது. முகத்தில் தெளிவு வந்தது. மறுபடி மலைக்குப் போனார். ஒப்பரேஷனுக்கு முந்திய கிளினிக் திகதி வந்தது, போகவில்லை. அடுத்த திகதியும் வந்தது, அதற்கும் போகவில்லை.

வழியில் கண்டு கேட்டோம். "நல்லாத்தானே இருக்கேன் ஐயா. எதுக்கு வயித்தக் கிழிக்கணும்? பை வேற வைப்பாங்களாம்" என்றார். அவர் முகத்தைப் பார்த்து நமக்கும் சுகமாகிவிட்டது போலத்தான் தெரிந்தது. "சரி, பார்த்து நடந்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தோம். அது நாம் செய்த இரண்டாவது பிழை. முதல் பிழையை விடப் பெரியது.

மிச்சக் கதையைக் கடைசியில் சொல்கிறோம். அந்த இரண்டாவது பிழையை நீங்கள் யாரும் செய்யக்கூடாது என்பதற்காகவே இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

2. மூலமா, வேறா?

பெருங்குடலின் கடைசிப் பாகம்தான் மலக்குடல். சுமார் 15 சென்டிமீற்றர் நீளம். ஒரு சாண் கூட இல்லை. மலம் வெளியே போகுமுன் இங்கேதான் வந்து தங்கும்.

மூலத்திலும் இரத்தம் போகும். புற்றிலும் போகும். இரத்தத்தைப் பார்த்து எது என்று நீங்களும் சொல்ல முடியாது, நாமும் சொல்ல முடியாது. சோதித்துத்தான் சொல்ல வேண்டும். இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள்:

- மலத்தோடு இரத்தம் அல்லது சளி போவது.
- வழமை மாறி, மூன்று நான்கு வாரத்துக்கு மேல் வயிற்றோட்டமோ மலச்சிக்கலோ இருப்பது.
- போக வேண்டும் போலவே இருப்பது. போனால் வராமல் இருப்பது.
- மலம் மெலிந்து வருவது.
- காரணம் இல்லாமல் உடம்பு இளைப்பது, இரத்தம் குறைந்து களைப்பது.

இது வயதானவர்களுக்கு மட்டும் வருவதல்ல. ஐம்பதுக்குக் குறைந்தவர்களுக்கும் வரும். பெற்றோர், கூடப் பிறந்தவர் யாருக்காவது குடல் புற்று இருந்தால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். புகைத்தல், மதுபானம் (கசிப்பும் இதில் அடங்கும்), உடல் பருமன் ஆகியவை இந்த நோய்க்கு இடம் கொடுக்கும். கீரை, காய்கறி, பருப்பு வகைகள் குடலுக்கு நல்லது.

3. எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் டாக்டர் கையுறை போட்டு விரலால் சோதிப்பார். ஒரு நிமிட வேலை. வெட்கப்பட்டு வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பெண்கள், பக்கத்தில் ஒரு நர்ஸ் நிற்க வேண்டும் என்று தாராளமாகக் கேட்கலாம்.

அடுத்தது குழாய்ச் சோதனை. கெமரா உள்ள வளையும் குழாயை உள்ளே விட்டுப் பார்த்து, கட்டியில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். "துண்டு எடுத்தால் பரவிவிடும்" என்று லயத்தில் பேசிக்கொள்வது பிழையான பேச்சு. துண்டு எடுக்காமல் என்ன நோய் என்று உறுதி சொல்ல முடியாது.

பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன். கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, பக்கத்து நெறிக்கட்டிகளில் இருக்கிறதா என்று அது காட்டும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சி.டி. ஸ்கேன். ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போயிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. இவ்வளவையும் பார்த்துத்தான் யாருக்கு என்ன சிகிச்சை என்று முடிவெடுப்பார்கள். ஆரம்ப நிலைக் கட்டி என்றால் நேரே ஒப்பரேஷனும் செய்வதுண்டு. ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்தது நமக்கும் வேண்டும் என்று இல்லை.

4. ஏன் முதலில் கதிரும் மருந்தும்?

மலக்குடல் இருப்பது இடுப்பெலும்புக் கூட்டுக்குள்ளே, ஒரு குறுகிய இடத்தில். முன்னாலே மூத்திரப்பை, பெண்களுக்குக் கர்ப்பப்பை. பின்னாலே முதுகெலும்பின் அடி. கட்டி பெரிதாகிப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் சுத்தமாக வெட்டி எடுப்பது கஷ்டம். கொஞ்சம் மிஞ்சினாலும் அதே இடத்தில் திரும்ப முளைக்கும்.

அதனால் கட்டியை முதலில் சுருக்குகிறார்கள். கதிர் சிகிச்சை என்பது நம்மவர்கள் "கரண்ட் வைப்பது" என்று சொல்வது. உண்மையில் அது கரண்ட் இல்லை. வலிக்காது. எக்ஸ்ரே படம் எடுப்பது போல மேசையில் அசையாமல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கிழமைக்கு ஐந்து நாளாக ஐந்து வாரம், அல்லது அதற்குச் சற்றுக் கூட நடக்கும். அந்த நாட்களில் புற்று மருந்தையும் மாத்திரையாகவோ ஊசியாகவோ கொடுப்பார்கள். மருந்து கதிரின் வேலையைப் பலப்படுத்தும். சிலருக்கு ஐந்தே நாளில் கூடிய அளவில் கதிர் கொடுக்கும் முறையும் உண்டு. இப்போது சிலருக்கு ஒப்பரேஷனுக்கு முன்பே மேலும் சில மாதம் மருந்து ஏற்றுகிறார்கள்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு கதிர் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். ஜெர்மனி டாக்டர்மார் இதைச் சோதித்து 2004ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். ஐந்து வருடத்தில் அதே இடத்தில் நோய் திரும்பியது, முன்பே கதிரும் மருந்தும் பெற்றவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கு. ஒப்பரேஷனுக்குப் பிறகு பெற்றவர்களில் நூற்றுக்கு 13 பேருக்கு.

இந்த நாட்களில் வயிற்றோட்டம், மூத்திரம் போகையில் எரிவு, மலவாசலைச் சுற்றித் தோல் புண், களைப்பு வரலாம். மாத்திரையால் உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து எரியலாம். கொழுந்து எடுக்கும் கைக்கு இது பெரிய தொந்தரவு. ஆகவே மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தின் அளவைச் சரி பண்ணுவார்கள். கதிர் படும் இடத்தில் எண்ணெய், களிம்பு எதையும் சொந்தமாகப் பூசாதீர்கள். காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னும் பிள்ளை பெறும் எண்ணம் உள்ளவர்கள் கதிர் தொடங்குமுன்பே டாக்டரிடம் பேச வேண்டும். இடுப்புக்குக் கதிர் கொடுத்தால் பெண்களுக்கு மாதவிடாய் நின்று போகலாம். ஆண்களுக்கும் பாதிப்பு வரலாம்.

5. காத்திருக்கும் வாரங்கள்

இதுதான் இந்தப் பாடத்தின் நடு முடிச்சு. கவனமாக வாசியுங்கள்.

கதிர் முடிந்த பிறகு பொதுவாக இரண்டு மாதம் வரை, சிலருக்கு அதற்கு மேலும், பொறுத்திருக்கச் சொல்வார்கள். ஏன்? களைநாசினி அடித்த புல் அன்றைக்கே கருகுவதில்லை. நாள் போகப் போகத்தான் மஞ்சளாகி வாடும். கதிரும் அப்படித்தான். கடைசி நாள் முடிந்த பிறகும் பல வாரம் கட்டி சுருங்கிக்கொண்டே இருக்கும். கதிர் பட்ட இடத்தின் வீக்கமும் ஆற வேண்டும்.

இந்த வாரங்களில்தான் ஆள் ஏமாறுவது. கட்டி சுருங்கியதால் இரத்தம் நிற்கும், வலி குறையும், பசிக்கும். சுகமாகிவிட்டது என்று மனசு சொல்லும். ஆனால் மேலே புல் கருகினாலும் மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு இருந்தால் என்ன ஆகும்? அடுத்த மழைக்கு முளைக்கும். கட்டியின் வேர் குடல் சுவருக்குள்ளும் நெறிக்கட்டிக்குள்ளும் இருக்கலாம். அது கண்ணுக்கும் தெரியாது, உடம்புக்கும் தெரியாது.

சிலருக்குக் கட்டி முழுதாகவே மறைந்து போவதும் உண்மைதான். பிரேசில் நாட்டு டாக்டர் அம்மா அஞ்சலிட்டா ஹப்ர்-காமா, அப்படிப்பட்டவர்களை ஒப்பரேஷன் செய்யாமல் கவனமாகப் பார்த்து வரலாம் என்று 2004இல் எழுதினார். இன்று பல நாடுகளில் தெரிந்தெடுத்த சிலருக்கு அப்படிச் செய்கிறார்கள். ஆனால் விரல் சோதனை, குழாய்ச் சோதனை, எம்.ஆர்.ஐ. எல்லாம் பார்த்து டாக்டர் எடுக்கும் முடிவு அது. அதற்குப் பிறகும் சில மாதத்துக்கு ஒரு முறை வருடக்கணக்காகச் சோதிப்பார்கள். கிளினிக்குக்குப் போகாமல் லயத்தில் இருந்துவிடுவது அந்த முறை அல்ல. அது நோயை வளர விடுவது.

6. சிறு துளை ஒப்பரேஷன்

முன்பெல்லாம் வயிற்றை நெடுகத் திறந்துதான் இந்த ஒப்பரேஷன். இன்றும் தேவையானவர்களுக்கு அப்படிச் செய்கிறார்கள். இப்போது இன்னொரு வழியும் இருக்கிறது. வயிற்றில் நாலைந்து சிறு துளைகள் போடுவார்கள். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீற்றர் அளவு. காற்று ஏற்றி வயிற்றை உப்பச் செய்து, ஒரு துளை வழியே கெமரா, மற்றத் துளைகள் வழியே நீண்ட மெல்லிய கருவிகள். டாக்டர் டீவி போன்ற திரையைப் பார்த்து வேலை செய்வார். வெட்டிய குடல் பாகத்தைச் சில சென்டிமீற்றர் வெட்டு ஒன்றின் வழியே வெளியே எடுப்பார்கள். டாக்டர்மார் இதை லெப்ரஸ்கோப்பி என்பார்கள். முழு மயக்கத்தில் செய்வதால் ஒன்றும் தெரியாது.

வெளியே துளை சின்னது என்பதற்காக உள்ளே வேலை சின்னது இல்லை. நாற்று மேடையிலிருந்து தேயிலைக் கன்றை எடுக்கையில் மண் உடையாமல் பையோடு எடுக்கிறோம் அல்லவா? அதுபோல மலக்குடலை அதைச் சுற்றியுள்ள கொழுப்போடும் நெறிக்கட்டிகளோடும் உடையாமல் ஒரே பொட்டலமாக எடுக்க வேண்டும். இந்த முறையின் அருமையை 1982இல் உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் இங்கிலாந்து டாக்டர் பில் ஹீல்ட். துளை வழியானாலும் திறந்தானாலும் உள்ளே செய்ய வேண்டியது இதுதான்.

கதிர் பட்ட இடத்தில் துளை வழியாகச் சரியாக வெட்ட முடியுமா என்று டாக்டர்மாருக்கே சந்தேகம் இருந்தது. தென்கொரியாவில் கதிரும் மருந்தும் முடித்த 340 பேரை எடுத்து, பாதிப் பேருக்குத் திறந்தும் பாதிப் பேருக்குத் துளை வழியாகவும் செய்து பார்த்தார்கள். முதல் முடிவு 2010இல் வந்தது. துளை வழியில் செய்தவர்களுக்கு வலி குறைவு, குடல் சீக்கிரம் வேலை செய்யத் தொடங்கியது. 2014இல் மூன்று வருடக் கணக்கு வந்தது. நோய் திரும்பாமல் இருந்ததில் துளை வழி திறந்த வழிக்குக் குறைவில்லை. ஐரோப்பாவை நடுவாக வைத்து எட்டு நாடுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வும் 2015இல் இதையே சொன்னது.

ஆனால் அதே 2015இல் வந்த அமெரிக்க, அவுஸ்திரேலிய ஆய்வுகள், எடுத்த பாகத்தின் சுத்தத்தைப் பார்த்து, துளை வழி சமம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றன. இதிலிருந்து நாம் விளங்க வேண்டியது, இது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. கட்டி பெரிதாக இருந்தாலோ, முந்திய ஒப்பரேஷனால் குடல் ஒட்டியிருந்தாலோ திறந்து செய்வதே நல்லது என்று டாக்டர் சொல்லலாம். துளையில் தொடங்கி இடையில் திறப்பதும் உண்டு. அது தோல்வி இல்லை, உங்கள் பாதுகாப்புக்காகச் செய்வது.

துளை வழி ஒப்பரேஷனில் பேர் வாங்கிய நம் தமிழ் டாக்டர் ஒருவர் கோயம்புத்தூர் சி. பழனிவேலு. இளம் வயதில் மலேசியாவில் தோட்டத் தொழிலாளியாக வேலை செய்து, பிறகு தமிழ்நாடு திரும்பிப் படித்து டாக்டரானவர். இதை வாசிக்கும் நம் பிள்ளைகள் இந்த வரியை இன்னொரு முறை வாசியுங்கள்.

7. பை என்ற பயம்

ஒப்பரேஷனுக்கு வராமல் இருப்பவர்கள் பலர் பயப்படுவது இந்தப் பைக்குத்தான். குடலைக் கீழே இணைத்துத் தைத்த இடம் ஆறும் வரை, மலம் அந்த வழி போகாமல் வயிற்றில் ஒரு வாசல் வைத்துப் பை ஒட்டுவார்கள். பெரும்பாலும் இது கொஞ்ச காலத்துக்குத்தான். சில மாதத்தில் சிறு ஒப்பரேஷன் செய்து மூடிவிடுவார்கள். கட்டி மலவாசலுக்கு மிகக் கிட்ட இருந்தால் மட்டும் நிரந்தரமாக வைக்க நேரலாம். உங்களுக்கு எது என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பை ஒழுங்காக ஒட்டியிருந்தால் மணக்காது. உடுப்புக்கு மேலே தெரியாது. குளிக்கலாம், கோயிலுக்குப் போகலாம், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம். மாற்றும் விதத்தை நர்ஸ்மாரிடம் பழகிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். வீட்டில் இன்னொருவரும் பழக வேண்டும். பையில் தண்ணீராக நிறையப் போனால் உடம்பு வற்றிவிடும். ஜீவனி கரைத்துக் குடித்து, குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முக்கியமானது பாரம். டாக்டர் சரி என்று சொல்லும் வரை கொழுந்துச் சாக்கு, விறகுக் கட்டு, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. வயிற்றுச் சுவர் பிதுங்கிவிடும். டாக்டரிடம் கடிதம் வாங்கி வந்து இலகு வேலை கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் எம்மிடம் வாருங்கள்.

8. அக்காவின் மிச்சக் கதை

இரண்டாவது திகதியும் தவறிய பிறகு, பிள்ளை மடுவத்தைப் பார்க்கும் தங்கச்சிதான் எம்மிடம் வந்து சொன்னார். "ஐயா, அவங்க கிளினிக் புத்தகத்த அரிசிப் பானைக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்காங்க. மகன் கேட்டா முடிஞ்சிருச்சுன்னு சொல்றாங்க."

அன்று பின்னேரம் லயத்துக்குப் போனோம். மகனையும் மருமகளையும் கூட உட்கார வைத்துப் பேசினோம். அக்கா அழுதார். பை வைத்தால் பேரப்பிள்ளைகள் கிட்ட வராதுகள் என்பதுதான் அவர் மனசில் இருந்த பயம். மருமகள், "அத்தை, எம் பிள்ளைக்கு நீங்க துணி கழுவலையா? ஒங்களுக்கு நான் செய்ய மாட்டேனா?" என்று ஒரு வார்த்தை கேட்டார். நாம் ஒரு மணித்தியாலம் பேசி நடக்காதது அந்த ஒரு வார்த்தையில் நடந்தது.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் மகன் கூட்டிப் போனார். திரும்ப ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி சுருங்கியிருந்தது, ஆனால் போகவில்லை. இன்னும் பிந்தியிருந்தால் மறுபடி வளர்ந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். துளை வழியாகவே ஒப்பரேஷன் முடிந்தது. பை ஐந்து மாதம் இருந்தது, பிறகு மூடினார்கள். இப்போதும் சில நாள் அடிக்கடி மலம் போகும் தொந்தரவு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. மலைக்குப் போவதில்லை, நாற்று மேடையில் வேலை. கிளினிக் புத்தகம் இப்போது சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஐந்து வருடம் வரை சோதனைக்குப் போக வேண்டும் என்பது பேரப்பிள்ளைக்கும் தெரியும்.

9. நாம் செய்ய வேண்டியவை

- இரத்தம் கண்டால் களிம்பு வாங்காமல் தோட்ட டிஸ்பென்சரியிலோ கிட்டிய அரசாங்க ஆஸ்பத்திரியிலோ காட்டுங்கள்.
- கண்டி தேசிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவில் கதிர் சிகிச்சை இருக்கிறது. மகரகம அபேக்ஷா வைத்தியசாலை நாட்டின் தலைமைப் புற்றுநோய் வைத்தியசாலை. அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்.
- தூரத்துத் தோட்டத்தவர்கள், கதிர் எடுக்கும் நாட்களில் தங்க இடம் உண்டா என்று முதல் நாளே கேளுங்கள்.
- சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். விளங்காததைத் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.
- கிளினிக் திகதியை வீட்டில் இரண்டு பேராவது அறிந்திருக்க வேண்டும். சுவரில் எழுதி வையுங்கள்.
- பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு, நோயாளிக்கு உதவிப் பணம் பெறும் வழியைக் கேளுங்கள்.

வீட்டில் பேசிப் பார்க்க மூன்று கேள்விகள்

1. இரத்தம் போனால் அது மூலந்தான் என்று நாமே முடிவு செய்யலாமா? ஏன்?
2. கதிர் முடிந்து இரத்தம் நின்ற பிறகும் கிளினிக்குக்கு ஏன் போக வேண்டும்?
3. நம் வீட்டில் ஒருவருக்குப் பை வைக்க நேர்ந்தால் அவரிடம் நாம் சொல்லும் முதல் வார்த்தை என்ன?

மூன்றாவது கேள்விக்குப் பதிலை இன்றே யோசித்து வையுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.